புரட்டாசியில் விற்ற கோழி பிரியாணி

பிள்ளைகளே,

நீங்கள் இருவரும் இப்போது அப்பா எழுதுவதைத் திருத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டீர்கள். பெரியவள் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு, சின்னவன் தொடக்கப்பள்ளியில் ஆண்டு ஐந்து. இதில் எழுத்துப்பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள், கோபப்பட மாட்டேன். நான் படிவம் மூன்றோடு நின்றவன்.

போன வாரம் சாப்பிடும்போது உங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. தங்கச்சியின் நாற்காலிக்காக நாம் விற்றது கோழி பிரியாணி என்றாள் பெரியவள். இல்லை, சைவ பிரியாணி என்றான் சின்னவன். உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். விற்றது கோழி, கொடுத்தது சைவம். அது எப்படி நடந்தது என்று வாயால் சொன்னால் உங்கள் மாமா நடுவில் புகுந்து கதையை வேறு மாதிரி ஆக்கிவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் தங்கச்சிக்கு நான்கு வயது. அவளால் தலையைத் தானாக நிமிர்த்த முடியாது, உட்கார முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். விழுங்குவதும் அவளுக்குச் சுலபம் இல்லை என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் அம்மா கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, அவளை மார்பில் சாய்த்து வைத்து, ஒரு கிண்ணம் கஞ்சியை முக்கால் மணி நேரம் ஊட்டுவாள். அந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாவது முறை, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் அம்மாவை ஊட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, கஞ்சியில் கொஞ்சம் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குப் போகிறது, சளி அதனால்தான் வருகிறது என்றார். கழுத்தையும் முதுகையும் நேராகப் பிடித்து வைக்கிற நாற்காலி வேண்டும், கடையில் இருக்கும் சாதாரண சக்கர நாற்காலி ஆகாது, இவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்றார்.

"எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்," என்று மலாயில் இரண்டு தடவை சொன்னார். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிற ஆள் இல்லை அவர்.

கோலாலம்பூரில் இருந்து அந்த வகை நாற்காலி செய்யும் கடைக்காரர் வந்து அளவெடுத்தார். சீனர், மெதுவாகப் பேசுகிறவர். தொடை, இடுப்பு, தோள், தலை என்று ஒவ்வொன்றாக அளந்து தாளில் எழுதினார். விலை என் நான்கு மாதச் சம்பளம். பாதியை நம்மிடம் இருந்ததையும் அம்மாவின் சங்கிலியையும் வைத்துக் கட்டினோம். சமூகநலத் துறையில் உதவிப் பணத்துக்கு விண்ணப்ப பாரம் கொடுத்திருந்தோம், பணம் வரும்போது வரும். மீதிக்கு அவர் மூன்று மாதம் தவணை சொன்னார்.

"அதற்கு மேல் போனால் இந்த அளவு செல்லாது," என்றார். "பிள்ளை வளர்ந்துவிடுவாள். மறுபடி அளக்க வேண்டும், முதலில் இருந்து தொடங்க வேண்டும்."

தங்கச்சி வளரவில்லையே என்று அதுவரை கோயில் கோயிலாகப் போனவர்கள் நாங்கள். அந்த மூன்று மாதம் மட்டும் அவள் வளர்ந்துவிடுவாளோ என்று கவலைப்பட்டோம்.

நம் ஆட்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. யார் வீட்டிலாவது மருத்துவச் செலவு என்றால் சாப்பாட்டுக் கூப்பன் அடித்து விற்பார்கள். சும்மா காசு கொடு என்று கேட்கக் கூச்சம். சாப்பாடு என்றால் கேட்பவனும் கொடுப்பவனும் முகம் பார்த்துப் பேச முடியும். ஜாசினில் இருக்கும் உங்கள் மாமா லோரி ஓட்டுகிறவர் என்றாலும் கல்யாண வீடுகளில் ஐந்நூறு பேருக்குப் பிரியாணி போடக்கூடியவர். நான் வாய் திறக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"பொட்டலம் பத்து வெள்ளி. நானூறு பொட்டலம். அரிசி என் செலவு. நீ கூப்பன வித்துட்டு வா மாப்ள, மத்தத நான் பாத்துக்கறேன்."

கூப்பனில் தங்கச்சியின் படத்தைப் போடலாம் என்றார் மாமா. படத்தைப் பார்த்தால்தான் மனசு இளகும் என்பது அவர் கணக்கு. அம்மா வேண்டாம் என்றாள்.

"சாப்பிட்டு முடிச்சதும் கூப்பன கீழதான் போடுவாங்க, அண்ணா. அவ மூஞ்சிய யாரும் மிதிக்க வேண்டாம்."

கூப்பன் படம் இல்லாமல்தான் அச்சானது.

நாள் குறித்தது நான். இந்தத் தப்பு முழுக்க என்னுடையது, அதை மாமா மேல் போட முடியாது. மலாக்கா செங் வட்டாரத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதக் கடைசியில் சம்பளம் போடுவார்கள். சம்பளம் போட்டு வரும் முதல் சனிக்கிழமை என்றால் எல்லார் கையிலும் காசு இருக்கும். அன்று மாமாவுக்கும் லோரி ஓட்டம் இல்லை. மூன்று மாதத் தவணையும் அதற்குள் முடியாது. எல்லாம் பொருந்தி வந்தது. ஸ்டோரில் என் மேசைக்கு மேல் மாட்டியிருந்த காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டேன். அது முதலாளி கொடுத்த சீனக் காலண்டர். அரசாங்க விடுமுறை சிவப்பில் இருக்கும், சீனத் தேதி சிறிய எழுத்தில் இருக்கும். தமிழ் மாதம் இருக்காது. வீட்டில் சமையலறையில் மளிகைக்கடைத் தமிழ்க் காலண்டர் ஒன்று தொங்கியது. அதே ஆணியில் மின்சார பில்லும் தண்ணீர் பில்லும் குத்தி வைத்திருந்ததால் அது காலண்டர் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

"கோழி பிரியாணி" என்று தடித்த எழுத்தில் அடித்தோம். ஆகஸ்டு கடைசியில் விற்கத் தொடங்கினேன். கேண்டீனில் விற்றேன், நாம் குடியிருக்கும் தாமானில் வீடு வீடாகப் போய் விற்றேன், உங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று விற்றேன். வாங்கிய தமிழர்கள் யாரும் தேதியைப் பார்க்கவில்லை. எதற்கு என்று கேட்பார்கள், சொல்வேன், முகம் மாறும், பணத்தைக் கொடுத்துவிட்டுக் கூப்பனை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். இருநூற்றுக்கும் மேல் விற்றுவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் மாலை கட்டி விற்கும் அக்காவிடம் இரண்டு கூப்பன் நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தம்பி, நாளன்னைக்கு பொரட்டாசி பொறக்குது. தெரியுமா?"

"தெரியும்க்கா," என்றேன். தெரியாது.

"இது பொரட்டாசி சனிக்கிழமையாச்சே. பெருமாளுக்கு விரதம் இருக்குற நாள்ல யாருக்குய்யா கோழி வெட்டப் போற?"

நான் கூப்பனைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். நானே அடித்த கூப்பன்தான். ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் பூ வாங்க நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அங்கிருந்து நேராக ஜாசினுக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன். மாமா வீட்டு வாசலில் லோரிக்குக் கீழே படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். முடுக்குவதை நிறுத்தினார். பிறகு லோரியே குலுங்குவது போலச் சிரித்தார்.

"ஏன் மாப்ள, பள்ளிக்கூடத்துல தமிழ் மாசம் சொல்லித் தரலயா?"

"தந்தாங்க மச்சான். ஆடி வரைக்கும் ஞாபகம் இருக்கு."

"நீ பெருமாளுக்கே ஒரு கூப்பன் வித்திருப்ப போல."

"நீங்களும்தான் தேதிய கேட்டீங்க. தலையாட்டுனீங்க."

"எனக்கு லோரி இல்லாத நாள் எதுன்னுதான் கேட்டேன். கோயில் நாள் எதுன்னா கேட்டேன்?" என்று வெளியே வந்து கையைத் துடைத்தார். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பொரட்டாசியில நான் கோழிய கையால தொட மாட்டேன் லா. அது உனக்கே தெரியும்."

"தள்ளி வச்சா?"

"எப்போ? மாசம் முடிஞ்சா தீபாவளி. தீபாவளிக்கு முன்னாடி பத்து வெள்ளி குடுக்க எவன் இருக்கான்? நீ அளவெடுத்தது அது வரைக்கும் தாங்குமா?"

தாங்காது. கடைக்காரர் சொன்ன மூன்று மாதம் தீபாவளிக்கு முன்பே முடிந்துவிடும்.  அந்த வாரம்கூட தங்கச்சிக்கு இருமல் தொடங்கியிருந்தது.

கடைசியில் மாமாதான் சொன்னார், சைவமாகப் போட்டுவிடலாம் என்று. சீனர்களின் சைவக் கடையில் சோயாவில் செய்த சைவக் கோழி கிடைக்கும், உருளைக்கிழங்கு, பட்டாணி, முந்திரி போட்டு இறக்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார்.

"கூப்பன்ல கோழின்னு இருக்கே?"

"பொட்டலத்த பிரிக்கும்போது பாத்துக்குவாங்க. நல்ல காரியத்துக்கு குடுத்த காசு, யார் வந்து கேக்கப் போறா?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உங்கள் அப்பா நேர்மையானவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அன்று ஜாசினில் இருந்து வீட்டுக்கு வந்த வழி முழுக்க நான் அப்படி இல்லை. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் தங்கச்சியின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தன பேர் வாங்கியிருக்காங்க?"

"இருநூத்து சொச்சம்."

"அத்தன பேர்கிட்டயும் போய் சொல்லிடுங்க."

"பாதிப் பேர் காசத் திருப்பிக் கேப்பாங்க."

"கேட்டா குடுங்க. இவ பேரச் சொல்லி வாங்குன காசுங்க அது."

அன்றிலிருந்து ஒரு வாரம் நான் திரும்ப நடந்தேன். சும்மா காசு கேட்கக் கூச்சம் என்று சொன்னேன் அல்லவா, இது அதைவிடக் கூச்சம். கூப்பன் மேல் "கோழி" என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்து "சைவ" என்று எழுதிக் கொடுப்பேன். தமிழர்கள் பெரும்பாலும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். தாமானில் ஒரு அம்மா, "நல்ல வேள சொன்ன. நாள் தெரியாம கோழியையே சாப்பிட்டிருந்தா என் விரதத்துக்கு யாரு பொறுப்பு?" என்று திட்டிவிட்டு இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார்.

தொழிற்சாலையில் என்னோடு இன்னொரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மலாய் நண்பரிடம் சொன்னேன். கோலா சுங்கை பாருவில் மீன்பிடிக்கிற குடும்பம் அவருடையது. ஐந்து கூப்பன் எடுத்திருந்தார்.

"தாக் அப்பா லா," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு மலாயில் சொன்னார்: "ஆனால் என் வீட்டில் காய்கறியைச் சோற்றில் மறைத்துக் கொடுத்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் ஒருவன்தான் ஐந்தையும் சாப்பிட வேண்டும்."

காசு திரும்ப வேண்டுமா என்று கேட்டேன். கையை ஆட்டிவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். எல்லாரும் அப்படி இல்லை. நாற்பது பேருக்கு மேல் பணத்தைத் திருப்பி வாங்கினார்கள். வாங்குவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

மலாக்கா டவுனில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர், அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக, அந்தக் காலப் பேச்சில் பெரிய கிராணியாக, இருந்தவர். எங்கள் மேனேஜருக்குத் தெரிந்தவர் என்று போய் அவரிடம் இருபது கூப்பன் விற்றிருந்தேன். அவருடைய தேவாலயத்தில் அன்று மதியம் ஒரு கூட்டம். சாப்பாட்டுக்கு அந்தப் பொட்டலங்களைத்தான் நம்பியிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் என்னை உட்கார வைத்து, தேநீர் கொடுத்தார்.

"தம்பி, நீர் வந்து சொன்னது நல்லது. ஆனா எங்களுக்குப் புரட்டாசி இல்லை. இருபது பேருக்குக் கோழி எண்டு சொல்லிப்போட்டன். நான் வேற இடத்தில சாப்பாடு சொல்ல வேணும். குறை நினைக்காதையும்."

இருநூறு வெள்ளியை மேசை மேல் வைத்தேன். எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்தார். பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார், வாசல் வரை வந்து வழியனுப்பினார். வீட்டுக்கு வந்து அவரை நான் கஞ்சன் என்று உங்கள் முன்னாலேயே சொன்னேன். பெரியவளுக்கு ஞாபகம் இருக்கலாம். அது தப்பு. அவர் கோழி வாங்கினார், நான் கோழி இல்லை என்றேன், அவர் பணத்தை வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

விட்ட இடத்தைப் பிடிக்க உதவியது மாலை கட்டும் அக்கா. ஒரு கட்டுக் கூப்பனை என் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டார். புரட்டாசி மாதத்தில் தினமும் வீட்டில் சைவம் சமைத்துப் பெண்கள் அலுத்துப் போயிருப்பார்கள், சனிக்கிழமை கோயிலுக்கு வந்தவர்கள் திரும்பிப் போய் அடுப்பு மூட்ட யோசிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். பூ வாங்குகிற ஒவ்வொருவரிடமும், "வீட்டுக்குப் போயி என்னத்த சமைக்கப் போற? இந்தா, சைவ பிரியாணி, ஒரு பிள்ளைக்கு நாற்காலி," என்று இரண்டே வாக்கியத்தில் விற்றார். எனக்கு அது பத்து வாக்கியம் ஆகும்.

அந்தச் சனிக்கிழமை மாமா வீட்டுப் பின்பக்கம் விடியும் முன்பே அடுப்பு எரிந்தது. மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு யாரையும் பக்கத்தில் விடவில்லை. அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயத்தை மேற்பார்வை பார்த்தாள். நீங்கள் இருவரும் பொட்டலத்துக்கு ரப்பர் வளையம் மாட்டினீர்கள், கொஞ்ச நேரம். பிறகு அதையே ஒருவர் மேல் ஒருவர் அடித்து விளையாடினீர்கள். நான் பொட்டலங்களை மாமாவின் காரில் ஏற்றிச் செங்குக்கும் கோயிலுக்கும் போய்ப் போய் வந்தேன். ஒரு மணிக்கெல்லாம் அண்டா காலி. அதற்குப் பிறகும் கூப்பனோடு ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. மாமா தனக்கு எடுத்து வைத்திருந்த சோற்றைப் பங்கு போட்டுக் கட்டிக் கொடுத்தார், அது நான்கு பொட்டலம்தான் ஆயிற்று. மற்ற இருவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் கார்க் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அப்படியும் நாற்காலிப் பணத்தில் கொஞ்சம் குறைந்தது. கடைக்காரருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் கணக்கைப் பார்த்துவிட்டு, நாற்காலியோடு வருகிற மேசைப்பலகையை விட்டுவிட்டால் இந்தப் பணம் சரியாக வரும் என்றார். கழுத்துப் பிடியும் மார்பு வாரும் முக்கியம், பலகை அவ்வளவு முக்கியம் இல்லை என்றார். விட்டுவிடுங்கள் என்றேன். இப்போது நாற்காலியில் இருக்கும் பலகை நான் அறுத்துச் செய்தது. அதனால்தான் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நாற்காலி வந்தது. இரண்டு பேர் வந்து ஸ்பானரை வைத்து இங்கே முடுக்கி அங்கே தளர்த்தி, தங்கச்சியை உட்கார வைத்துக் காட்டினார்கள். அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை, அழுதாள். இரண்டாம் நாள் பூசணிக்காய் போட்ட கஞ்சியை அம்மா எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஊட்டினாள். அவர்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் தங்கச்சியின் உச்சந்தலையைத்தான் அம்மா பார்த்திருக்கிறாள். கிண்ணம் காலி. இருமல் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம், அப்போதும் வரவில்லை. அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள், அதைக் கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சளி வரவே இல்லை என்று எழுத ஆசைதான். ஒரு தடவை வந்தது. நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நாற்காலி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். தங்கச்சி அறையில் தூங்கினாள். நாற்காலி கூடத்தில் காலியாக இருந்தது. நான் அதற்குப் பக்கத்தில் முட்டி போட்டு, அவள் தலை வரும் இடத்தில் என் தலையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். நின்று பார்க்கும் எனக்கு அங்கிருந்து கம்பிக் கதவும் ரோடும் எதிர் வீட்டு மாமரமும் தெரியும். அவள் உயரத்தில் செருப்பு அலமாரியின் முதுகுதான் தெரிந்தது. ஒட்டுப்பலகை, அதில் ஒரு கடைக்காரனின் ஸ்டிக்கர், அவ்வளவுதான். எழுந்து, செருப்புகளையெல்லாம் இறக்கி, அலமாரியைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்து மறுபடி முட்டி போட்டுப் பார்த்தேன். ரோடு தெரிந்தது.